நடுங்கிய புருவம்

பேத்தி எழுதிய கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். இலை நடுங்கியது, சுடர் நடுங்கியது, தண்ணீரில் நிலா நடுங்கியது என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நானும் என் காலத்தில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு வள்ளி அக்காவின் விரல்கள்தான் ஞாபகம் வரும்.

விருத்தாசலத்தில் எங்கள் தெரு முழுக்கப் பீங்கான் பொம்மை வேலை. சூளைப் புகை சோற்றில்கூட மணக்கும். பொம்மைகளுக்குப் புருவம் எழுதுவது அக்கா. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதிவிடுவாள். ஒரு நாள் கோடு நெளிந்துவிட்டது.

"என்னக்கா, பொம்மைக்குக் குளிருதா?" என்று சிரித்தேன்.

"போடா வாலு." சூளையில் வைக்கும்வரை அழித்து எழுதலாம் என்பதால் ஈரத் துணியால் துடைத்தாள். மறுபடியும் நெளிந்தது. "நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்கடா. எனக்கு ஸ்கூலுக்குப் போவணும். நீ சொன்னா அப்பா கேப்பாரு. சொல்றியா?"

"சொல்றேன்க்கா."

சொல்லவில்லை. வந்தவர்கள் கொடுத்த ஜிலேபியைத் தின்றுகொண்டு அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தேன். அக்காவைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். நான் கல்லூரிவரை படித்தேன்.

கதையை மூடிவைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "அன்னிக்கு அப்பாகிட்ட நான் சொல்லவே இல்லக்கா" என்றேன்.



"தெரியும்டா. கதவுக்குப் பின்னாடிதான நின்னுகிட்டு இருந்தேன்" என்றாள் அக்கா. "நீ வாயத் தொறப்ப, தொறப்பன்னு பாத்துகிட்டே இருந்தேன்."