உப்பு மூட்டை ஏற்றிப் பார்த்த வண்டி

புதுவாயல் கூட்டுரோட்டில் நாகமுத்துவின் ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய கார் வாங்குகிறவர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவன் சரியென்றால் வாங்குவார்கள். உதட்டைப் பிதுக்கினால் திரும்பிவிடுவார்கள். பழவேற்காட்டில் யாராவது படகு விலைபேசினால் அவன் அப்பாவைத்தான் கூட்டிப்போவார்கள். தேறிய படகின் உள்பலகையில் அப்பா உளியால் மீன்போல இரண்டு கோடு கீறுவார். நாகமுத்து, தேறிய காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே அடித்தகரத்தில் கீறுவான்.

பெட்ரோல் விலை எகிறிய எழுபத்து மூன்றின் கடைசியில் பெரிய சீமைக் கார்கள் சல்லிசாகக் கிடைத்தன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் பாஷ்யம் அப்படியொன்றைப் பிடித்திருந்தார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் அவர் அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. பஸ் ஏற முடியாது. புது வண்டிக்குப் பேர் பதிந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆந்திரா நம்பர் மாட்டிய பாலாடை நிறக் காரை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினான் தரகன் ஆதிநாராயணன். பாஷ்யமும் கூட வந்திருந்தார்.

"ஜட்ஜ் ஏறின வண்டி நைனா. சீட்டைப் பாரு, கல்யாண மெத்தை மாதிரி. கடியாரங்கூட ஓடுது. சும்மா ஒரு தட்டு தட்டிட்டு சரின்னு சொல்லு, நாஷ்டா துன்னப் போலாம்."

ஒயரைப் பார்க்க நாகமுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து கையை விட்டான். விரலில் மீன்போல இரண்டு கோடு தட்டுப்பட்டது. அவன் கீறியதுதான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"இன்னா மேஸ்திரி, ஷாக் அட்சிதா? ஜட்ஜ் ஊட்டு கரண்டு, அப்டித்தான் இருக்கும்" என்று சிரித்தான் ஆதிநாராயணன்.

ஐந்து வருஷத்துக்கு முன் அந்த வண்டி சாம்பல் நிறம். அக்கா செல்லியம்மாளின் புருஷன் முனிகிருஷ்ணன் வலையை விட்டுவிட்டு வாடகைக்கு ஓட்ட வாங்கியது. நாகமுத்துதான் பார்த்தான், காலியாக ஓட்டி. படகை அப்படித்தான் பார்ப்பார்கள். காலிப் படகுதான் ஆடும். பாரம் ஏறினால் அமர்ந்துவிடும். காலியில் நிற்கிற வண்டி பாரத்தில் நிற்காமலா போகும் என்று அவன் நினைத்தான். முதல் முகூர்த்தநாளில் ஆறு பேரை ஏற்றிப்போன வண்டி சோழவரம் ஏரிக்கரை இறக்கத்தில் நிற்கவில்லை. ஆறு பேரும் எழுந்து வந்தார்கள். கடலில் முங்கி எழுந்த முனிகிருஷ்ணன், ஸ்டியரிங்கில் சிக்கி, இடுப்பளவு ஏரித் தண்ணீரில் செத்தான்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்றது ஊர். அக்காவும் நம்பினாள். அமாவாசைக்கு அவனுக்குப் படையல் வைப்பதில்லை. தூக்கிய வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தவன் நாகமுத்து ஒருவன்தான். பாரம் தாங்காமல் கருகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு எந்த வண்டியை ஓட்டிப் பார்த்தாலும் பின்சீட்டிலிருந்து முனிகிருஷ்ணனின் குரல்: "இன்னும் ரெண்டு பேரை ஏத்திக்கோ மச்சான்."

நாகமுத்து எழுந்து, வண்டியில் ஏற்ற எட்டு மூட்டை உப்பு வேண்டும் என்றான்.

"காரு பாக்க வந்தியா, கருவாடு போட வந்தியா?" என்றான் ஆதிநாராயணன். ஆனாலும் மூட்டைகள் வந்தன.

சோழவரத்தில் ரேஸ் விடுகிற பழைய விமானத் தளத்துக்கு ஓட்டிப்போனார்கள். பாஷ்யம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது மைலில் விட்டு பிரேக்கை அழுத்தினான். நின்றது. திரும்பவும் விட்டான். பன்னிரண்டு தடவை. சக்கரத்தில் கை வைக்க முடியாத சூட்டிலும் வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது. யாரோ புது பிரேக் போட்டிருந்தார்கள். அன்றைக்குக் குரலும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தான். மூட்டைகள் தோளோடு தோள் ஒட்டி, ஊருக்குப் போகிற ஆட்கள்போல உட்கார்ந்திருந்தன. அந்தக் குரல் வந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"தேறித்தா?" என்றார் பாஷ்யம்.

"வண்டி நிக்கும் சாமி. ஆனா இதுல ஒரு ஆளு செத்துக்கீறான். எங்க அக்கா ஊட்டுக்காரு. நல்ல வண்டின்னு சொன்னவன் நான்தான்." ஏரிக்கரையையும் கருகிய பிரேக்கையும் சொன்னான்.

பாஷ்யம் கதவைத் திறந்தார். "அப்பாகிட்ட சொல்லாம ஏத்தப்படாது. சொன்னா ஏறமாட்டார்" என்றார். இறங்கியபின் குனிந்து, "உங்க அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

வண்டி விலைபோகவில்லை. ஆதிநாராயணன் திட்டிய திட்டு எதுவும் நாகமுத்துவின் காதில் ஏறவில்லை. பிற்பகல் பஸ்ஸில் பழவேற்காட்டுக்குப் போய் இறங்கினான்.

செல்லியம்மாள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடா நாகு, வேல இல்லியா?"

அவன் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். "மாமா குடிக்கல அக்கா."

அவள் நிமிரவில்லை. "உனுக்கு எப்டித் தெரியும்?"

"பிரேக்கு கருகிப் பூட்ச்சி. காலி வண்டியைப் பாத்துட்டு நல்லாக்கீதுன்னு நான்தான் சொன்னேன். அஞ்சு வருசமா தெரியும்."

உரித்த இறாலைச் சட்டியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எய்ந்து போ. இந்த ஊட்ல உனுக்கு இனிமே சோறு கெடையாது."

எழுந்தான். தெருமுனைவரை போயிருப்பான்.

"டேய், அமாவாசை என்னிக்கு?"

"சனிக்கெயம" என்றான்.

அவள் இறாலை உரிக்கத் தொடங்கினாள்.