துணைக்கு வருவதாகச் சொன்னவள்

எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை வெளியூர் போக வேண்டுமென்றால் வீட்டில் "எதுக்கு?" என்று கேட்கமாட்டார்கள். "யார்கூட?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் இருந்துவிட்டால் மற்ற கேள்விகள் தானாக அடங்கிவிடும். ஆம்பூரில் நானும் என் தோஸ்தும் அப்படித்தான் ஊர் சுற்றினோம். அவள் வீட்டில் என் பெயரைச் சொல்வாள், நான் என் வீட்டில் அவள் பெயரைச் சொல்வேன். வேலூருக்குத் துணி எடுக்கப் போனாலும் சரி, வாணியம்பாடியில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, இதே கதைதான்.

அவள் பக்கத்துத் தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் அம்மாவை நான் காலா என்று கூப்பிடுவேன். உருதுவில் அது சித்தி முறை. காலாவுக்குச் சர்க்கரை. காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தபோது, நர்ஸான என் அம்மா டூட்டி முடிந்து வரும் வழியில் தினமும் அந்த வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவார். கால் பிழைத்ததே உங்களால்தான் என்று காலா பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான்.

சட்டம் படிக்கும் கிறுக்கு எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு அக்கா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் பிரிவில் இருந்தவர். கம்பெனியில் ஏதோ கேள்வி கேட்டார் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வழக்குக்காக அவர் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போனபோது, இங்கிலீஷ் படித்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் வக்கீல், வியர்வையில் நனைந்த கழுத்துப்பட்டியோடு, எதிர்த்தரப்பு மேனேஜரைப் பார்த்து, "ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். எங்கள் தெருவே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் அந்த ஆள் திருதிருவென்று விழித்தார். இதுதான்டா வேலை என்று அங்கேயே எனக்குத் தோன்றிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே தோஸ்திடம் போனில் சொன்னேன். "இன்னாடி, நீ பேசுற பேச்சுக்கு ஜட்ஜே ஓடிப்போய்டுவாரு" என்று சிரித்தாள். அப்புறம், "நானும் வர்றேன்" என்றாள்.

அப்போது நாங்கள் பிளஸ் டூ. பெரிய சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நீட் என்றால் தெரியும், நர்சிங் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். அவள் அண்ணனின் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு மாடி அறையில் நாங்களாகவே படித்தோம். அந்த அறையின் மின்விசிறி சுற்றுவது போலத் தெரியும், காற்று மட்டும் வராது. வெளியே காற்று வீசினால் தோல் பதனிடும் தொழிற்சாலை நாற்றம் வரும், அதனால் ஜன்னலையும் சாத்திவிடுவோம்.

கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. ஒரு சட்டக் கொள்கையைக் கொடுத்து, ஒரு சம்பவத்தையும் கொடுத்து, யார் மேல் தப்பு என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மாடு இவன் தோட்டத்தை மேய்ந்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது என்கிற மாதிரி. உனக்கு எது நியாயமாகப் படுகிறது என்பது கணக்கில்லை, கொடுத்த கொள்கைப்படி யார் பொறுப்பு என்பதுதான் கணக்கு. நான் இதில்தான் அடிக்கடி கோட்டை விடுவேன். "அவன் பாவம்டி" என்பேன். "பாவத்துக்கு மார்க் இல்ல, ஆப்ஷன பாரு" என்று அவள் தலையில் தட்டுவாள். வாதங்களைப் பிரித்துப் பார்க்கும் பகுதியில் அவள் புலி. இங்கிலீஷில் நான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். மாதிரித் தேர்வில் இருவருக்கும் மதிப்பெண் ஏற ஏற எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வு நாளை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஊர், நாள், காலையா மதியமா, எல்லாம் நம் இஷ்டம், இடம் இருக்கும் வரைக்கும். ஆனால் ஒருமுறை போட்டதை, ஊரோ நாளோ, ஒரே ஒருமுறைதான் மாற்ற முடியும். நான் அவசரக்குடுக்கை. பதிவு திறந்த அன்றைக்கே சென்னை, ஞாயிறு மதியம் என்று போட்டுவிட்டேன். அவள் வீட்டில் பேசிவிட்டுப் போடுவதாகச் சொன்னாள். பேசப்போன இடத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெரியப்பா மகளுக்கு நிக்காஹ் என்று தெரிந்தது. "பேஜாராப் போச்சுடி" என்று வந்து நின்றாள். அதற்கென்ன என்று என்னுடைய நாளை மாற்றி அடுத்த சனிக்கிழமை காலைக்குப் போட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அதே நாளைப் போட்டாள். எனக்கு இருந்த ஒரு வாய்ப்பு தீர்ந்தது. அவளுடையது அப்படியே இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. ஏழு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் இதையெல்லாம் யார் கணக்குப் பார்ப்பார்கள்?

வீட்டில் கேட்டேன். அப்பா, "யார்கூட?" என்றார். சொன்னேன். "சரி, ரெண்டு பேரும் பத்திரமா போய்ட்டு வாங்க" என்றார். அம்மா அதற்கு முன்பே என்னிடம் நர்சிங் சீட்டைப் பற்றிப் பேசியிருந்தார். ஆஸ்பத்திரி ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, விசாரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். இதை எழுதிப் பார்க்கிறேன் என்று நான் சொன்னபோது தடுக்கவில்லை. "எழுது, எழுதுறதுல இன்னா இருக்கு" என்றார். கருப்பு மையில் எழுதும் பேனாக்கள்கூட வாங்கி வந்தார். தேர்வு கம்ப்யூட்டரில் என்று சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார்.

தேர்வுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. எந்த ரயிலில் போவது என்று கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியிலேயே நின்றுகொண்டு பேசினாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான் பெங்களூருல எழுதுறேன்டி. மாத்திட்டேன்."

"எத மாத்திட்ட?"

"ஊர. அண்ணன் கூட்டிக்கினு போறாரு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. ஏன் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி, என்னையும் உங்களோடு கூட்டிப்போ என்று கேட்கக்கூட வழியில்லை. என் தேர்வு சென்னையில், அதை இனி மாற்ற முடியாது. அது அவளுக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே.

"என் பேரச் சொல்லி வீட்ல பர்மிஷன் வாங்குன. வாங்கினப்புறம் நான் தேவையில்ல, இல்ல? உனக்காகத்தானேடி நான் நாள மாத்தினேன்! துரோகி!"

தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் வாயைத் திறந்தாள், நான் விடவில்லை. கையிலிருந்த அவளுடைய புத்தகங்களைப் படியில் வீசிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா மடியில் விழுந்து அழுதேன். அம்மா தலையைத் தடவிக்கொடுத்தார். "அந்தப் பொண்ணா இப்டி பண்ணுச்சு? நம்ம வீட்ல சாப்ட்டு வளந்த பொண்ணு! ஆண்டவர் பாத்துப்பார், விடும்மா" என்றார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? உலகத்தில் என் பக்கம் ஒரு ஆளாவது இருக்கிறது என்று நினைத்தேன். இரவு எனக்குச் சோறு ஊட்டிவிட்டார், நானும் சின்னப் பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அப்பா, "தனியா மெட்ராஸுக்கா? வாணாம்மா" என்றார். அவருக்கு ஷிப்மென்ட் நேரம், லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. அம்மாவுக்கும் சனிக்கிழமை காலை டூட்டி. "மாத்திக் கேட்டுப் பாத்தேன், குடுக்கல" என்றார். எதிர்வீட்டு அக்காவைக் கேட்கலாம் என்றேன். கேஸ் நடக்கிற வீட்டோடு ஒட்ட வேண்டாம், அப்பாவுக்குக் கம்பெனியில் கெட்ட பெயர் வரும் என்றார் அம்மா. ஏன் தனியாகக் கிளம்பிப் போகவில்லை என்று இன்றைக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். போயிருக்கலாம். பதினேழு வயதில், அப்பா வேண்டாம் என்று மெதுவாகச் சொன்ன பிறகு, வாசலைத் தாண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்தச் சனிக்கிழமை காலை குளித்து, சுடிதார் போட்டுக்கொண்டு, ரயில் போகும் சத்தம் கேட்கும் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நைட்டிக்கு மாறிப் பாத்திரம் தேய்த்தேன்.

நர்சிங் சீட்டு வந்தது. வேலூரில் ஹாஸ்டல். அவளுக்கு வேறு மாநிலத்தில் ஒரு நல்ல சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. லீவில் அவள் வந்தால் நான் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டேன். ஒருமுறை போன் செய்தாள், நம்பரைப் பிளாக் செய்தேன்.

மூன்றாம் வருஷம், வார்டில் எனக்கு டூட்டி. கால் புண்ணோடு ஒரு அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். காலா.

"இன்னா பேட்டி, எங்கள அடியோட மறந்துட்ட?" என்றார். மகளே என்று உருதுவில் அவர் கூப்பிடும் அதே குரல். நான் பட்டும்படாமல் பதில் சொன்னேன். காலா என் யூனிஃபார்மைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்கம்மா ஆசப்பட்ட மாதிரியே நர்ஸ் ஆயிட்ட. இப்ப சொன்னா தப்பில்ல. அன்னிக்கு அவங்க வந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினு கேட்டாங்க. உங்க பொண்ணு மெட்ராஸ் போனா என் பொண்ணும் போய்டுவா, நர்சிங் சீட்டு வீணாய்டும், எப்டியாவது வேற ஊருக்கு மாத்திடுங்கன்னாங்க. எனக்கு அவ்ளோ செஞ்சவங்க, எப்டி முடியாதுன்றது? உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எம் பொண்ணுகிட்ட சத்தியம் வாங்கினேன். ரொம்ப அழுதா பேட்டி."

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மறுபடி கட்டினேன். முதலில் பார்த்த அளவு எனக்கு நினைவில் இல்லை.

டூட்டி முடிந்ததும் அவள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "தெரிஞ்சிடுச்சா?" என்றாள், ஹலோகூடச் சொல்லாமல். "வாய் இல்லையாடி உனக்கு?" என்றேன். "சத்தியம் பண்ணிட்டேன். அன்னிக்கு அதையும் மீறிச் சொல்லத்தான் வந்தேன், நீ பேசவே விடல" என்றாள். மன்னிக்கலாம் என்று மனசு சொல்லும் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எவ்வளவு பெரிய சத்தியமாக இருந்தால் என்ன, தேர்வுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஆம்பூர் போனேன். அம்மா மாதா கோவிலுக்குப் போய்வந்து, சேலையைக்கூட மாற்றாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் நேராகக் கேட்டேன். மறுப்பார், அழுவார், சண்டை பிடிப்பார் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"ஆமா, போனேன்" என்றார் அம்மா.

"டூட்டி?"

"நானே கேட்டுப் போட்டுக்கிட்டது."

"அவள திட்னியேம்மா. என்ன மடியில போட்டுக்கினு அவள திட்னியே!"

அம்மா மீனைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். "பொம்பளப் புள்ள கோர்ட்டு, கேஸுன்னு கண்டவன்கிட்ட மல்லுக்கு நிக்கணுமா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான். போவாதன்னு உன்ன ஒரு வார்த்த சொன்னேனா நானு?"

சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒருமுறைகூட இல்லை.

"சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். சோறு திங்காம கெடந்திருப்பேன். கடைசியில எப்டியும் போயிருப்பேன்."

"தெரியும்" என்றார் அம்மா. "அதான் சொல்லல."