சிவப்புக் காரும் மேல்கட்டிலும்

சித்தப்பா லண்டனில் இருந்து போட்ட கடிதத்தில் விசயம் நாலே வரி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. ஊரைக் காட்டலாம் என்றால் யாழ்ப்பாணம் போகிற நிலைமை இல்லை. ஊர்ச் சனத்தில் பாதி இப்போது ஜெர்மனியில், நீ இருக்கிற ஹம் நகரத்தில் இருப்பதாகக் கேள்வி, ஆனபடியால் இரண்டு நாள் அங்கே வருகிறோம். கடைசி வரியைத்தான் நான் மூன்று தரம் வாசித்தேன். 'படத்தில் உள்ள சிவப்புக் காரில் ஏற வேணும் என்று சின்னவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.'

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை அது. எனக்கு முப்பது வயது. தலையில் முடி இருந்தது. கார் இருக்கவில்லை.

படம் எடுத்தது நாங்கள் இருந்த ஹைமுக்குப் பக்கத்தில். ஹைம் என்றால் எங்களைப் போல அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை வைத்திருந்த விடுதி. இரண்டு தெரு தள்ளி, யாரோ ஒரு ஜெர்மன்காரரின் சிவப்புக் கார் எப்போதும் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைத் தோழன் ஒருவனின் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அதில் சாய்ந்து நின்றேன். படத்தை இரண்டு கொப்பி எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா ஒன்றை லண்டனுக்கு அனுப்பிவிட்டார். கார் என்னுடையது என்று நான் எழுதவில்லை. என்னுடையது இல்லை என்றும் எழுதவில்லை.

வேறு நேரமென்றால் சிரித்துச் சமாளித்திருப்பேன். ஆனால் நான் விமானம் ஏறிய நாளில் இருந்து அம்மா இரவில் கண் மூடுவதில்லை என்று அக்கா எழுதிக்கொண்டே இருந்தாள். நான் ஏதோ ஸ்டேஷன் வாங்குப் பலகையில் சுருண்டு படுக்கிறேன் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். படம் போய்ச் சேர்ந்த பிறகுதான் 'அம்மா இப்ப நித்திரை கொள்ளுறா' என்று ஒரு வரி வந்தது. சித்தப்பாவோ அம்மாவுக்கு மாதம் தவறாமல் கடிதம் போடுகிறவர். பாதித் தோசை சாப்பிட்டால் பாதித் தோசை என்றே எழுதுகிற மனிதர். அவர் ஹைமுக்குள் கால் வைத்தால், ஆறு பேருக்கு ஒரு அறை, இவனுக்கு அடுக்குக் கட்டிலில் மேல்கட்டில் என்று அப்படியே எழுதிவிடுவார். அம்மாவின் நித்திரை அதோடு போய்விடும்.

ஆகவே திட்டம் போட்டேன். நான் திட்டம் போட்டால் அது எப்படிப் போகும் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் அக்கா ஒருவர் குடும்பமாக ஒரு வீட்டில் இருந்தார். வருகிறவர்களை அங்கே தங்கவைப்பது. ஹைம் பக்கமே விடுவதில்லை. காரைக் கேட்டால், திருத்தக் கொடுத்து கராஜில் நிற்கிறது என்பது.

"கராஜ் எங்கை எண்டு கேட்டால்?" என்றான் ஜாக்கெட்காரத் தோழன்.

"தூரத்தில. பக்கத்து டவுனில."

"அப்ப உங்களாலை போகவே ஏலாதே அண்ணை. அகதிக் கேஸ் முடியுமட்டும் இந்த டவுன் எல்லை தாண்டினால் பொலிஸ் பிடிக்கும்."

"அதுதானடா வசதி."

ஸ்டேஷனில் இறங்கியதும் சித்தப்பா என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, மாடு வாங்க வந்தவர் மாதிரி மேலும் கீழும் பார்த்தார். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. கழுத்தில் கமரா. சின்னவளுக்கு எட்டு. நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் தொட்டிலில் கிடந்தாள்.

"கார் எங்கை?" என்றாள் சின்னவள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"காருக்குச் சுகமில்லை பிள்ளை. கராஜில நிக்குது."

"என்ன வருத்தம்?"

"இருமல்."

சின்னவள் ஏற்றுக்கொண்டாள். மூத்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் அந்த ஊர் அக்கா வீட்டில் சாப்பிட்டார்கள். ஊர்ச் சனம் ஒவ்வொருவராக வந்து போனது. "இவர் எங்கட கிணத்தடிக்குப் பின்வீடு", "இவ தபால்கந்தோருக்கு எதிர்வீடு" என்று சித்தப்பா பிள்ளைகளுக்கு மூன்றாம் மாடிக் குசினியில் வைத்து ஊரைக் காட்டினார். மீன்குழம்பு முடிந்ததும் அவருக்குக் கண் சொருகியது. பிள்ளைகளை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது.

கடைக்கு இரண்டு வழி. நேர்வழியில் அந்தக் கார் நிற்கும். நான் புத்திசாலி, பின்வழியால் கூட்டிப்போனேன். ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை என்பதையும், சனிக்கிழமைகளில் ஜெர்மன்காரர் கார் கழுவுவார் என்பதையும், தண்ணீர்க் குழாய் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கலாம் என்பதையும் அந்தப் புத்தி யோசிக்கவில்லை.

முதலில் கண்டது சின்னவள். "அண்ணா, இருமல் சுகம்" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

கார், நுரைக்குள் நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்கால் வரை காற்சட்டையை மடித்துவிட்டு, துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் காரைச் சுற்றி வந்து இலக்கத்தகட்டை வாசித்தாள். படத்தில் பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்தாளாம்.

"உங்கட காரை ஏன் அண்ணா இவர் கழுவுறார்?"

"நல்ல மனிசன்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மூத்தவளின் கமராவைப் பார்த்தார். "நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதானே வருகிறனீங்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார். "இன்னும் துடைக்கவில்லை. படம் எடுப்பதென்றால் கொஞ்சம் பொறுங்கள்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராகப் போய் நாங்கள் அவருக்குத் தெரியாமல் படம் எடுக்கிறோம் என்றுதான் ஹைம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஆள் எண்ணியிருக்கிறார்.

"என்ன சொல்லுறார்?" என்றாள் சின்னவள்.

"உங்களை ஏறி இருக்கட்டாம்."

இது பொய். ஆனால் நான் கெஞ்சும் முகத்தோடு கதவைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார். சின்னவள் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து, எங்கேயோ வெகுதூரம் ஓட்டத் தொடங்கினாள்.

மூத்தவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணா, எனக்குத் தெரியும்" என்றாள் மெல்லமாக.

"என்ன தெரியும்?"

"கார் உங்கட இல்லை. அப்பாக்கும் தெரியும். பெரியம்மா எழுதினவ."

பெரியம்மா என்றால் என் அம்மா. விசயம் இதுதான். என்னைப் போலவே ஹைமில் இருந்த இன்னும் மூன்று பேர், ஊரில் எங்கள் தெரு ஒழுங்கைப் பெடியன்கள், அதே காரில் சாய்ந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். நாலு தாய்மாரும் ஒருநாள் கோயிலில் சந்தித்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாலிலும் ஒரே இலக்கம். போதாததற்கு இரண்டில் ஒரே ஜாக்கெட்.

"கோபமோ?"

"இல்லை. நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சவையாம். ஆனா அண்டையில இருந்து பெரியம்மாக்குத் திரும்பவும் நித்திரை இல்லையாம். கார் பொய்யெண்டால் மிச்சமெல்லாம் எப்பிடியோ எண்டு யோசிக்கிறாவாம். நீங்கள் படுக்கிற இடத்தைப் பாத்துப் படம் எடுத்து அனுப்பட்டாம். அதுக்குத்தான் நாங்கள் வந்தது."

"அப்ப காரில ஏறவேணும் எண்டு எழுதினது?"

"அது இவளுக்கு. இவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

அப்போதுதான் எனக்குச் சித்தப்பாவின் கடிதம் உறைத்தது. 'உன்னுடைய கார்' என்று அவர் எழுதவே இல்லை.

ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். நான் இரண்டு சாப்பிட்டேன், கவலைக்கு. பிறகு சித்தப்பாவையும் எழுப்பிக்கொண்டு ஹைமுக்குப் போனோம். அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அவசரமாகக் கட்டில்களுக்குக் கீழே உதைத்துத் தள்ளிய சாமான்களின் சத்தம் நடைபாதை வரை கேட்டது. சித்தப்பா கீழ்க்கட்டிலில் இருந்து பார்த்தார். மெத்தையை அமத்தினார். ஜன்னலைத் திறந்து மூடினார். கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப்பானையின் மூடியைத் தூக்கினார்.

"குளிருக்கு ஹீட்டர் வேலை செய்யுமோ?"

"செய்யும் சித்தப்பா. கூடத்தான் செய்யும்."

"அப்ப ஏன்ராப்பா ஒளிச்சனி?"

மூத்தவள் கமராவைத் தூக்கி, "ஏறுங்கோ அண்ணா, ஜாக்கெட் வேண்டாம்" என்றாள். மேல்கட்டிலில் ஏறி இருந்தேன். நிமிர்ந்தால் தலை முகட்டில் முட்டும். சின்னவளும் ஏறி வந்தாள். கார் வீட்டில் நிற்க, அண்ணா ஏன் சாமான் வைக்கிற ராக்கையில் படுக்கிறார் என்று அவள் கேட்டதற்கு ஆறு பேர் சேர்ந்து சிரித்த நேரத்தில் படம் விழுந்தது.

அடுத்த நாள் ரயில் ஏறிப் போய்விட்டார்கள். படமும், சித்தப்பாவின் கடிதமும் லண்டனில் இருந்து ஊருக்குப் போயின. மெத்தையின் தடிப்பு, சோற்றின் பதம் எல்லாம் எழுதியிருப்பார், சந்தேகமில்லை.

மாரிகாலத்துக்குள் அம்மாவின் பதில் வந்தது. காரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. இடம் துப்புரவாக இருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது, மனம் ஆறுதல். ஆனால் அந்த மேல்கட்டிலுக்குப் பக்கத்தில் தடுப்புப் பலகை இல்லை. நீ சின்னனில் இருந்தே உருண்டு படுக்கிறவன். விழுந்து மண்டையை உடைத்துப்போடுவாய் என்று இரவில் திடுக்கிட்டு எழும்புகிறேன்.

அடுத்த நாளே ஹைம் பொறுப்பாளரிடம் போய், என் ஓட்டை ஜெர்மனில், கீழ்க்கட்டில் வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்றார். அம்மா என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு படிவத்தைத் தந்தார்.