கடைசி வண்டியில் அவன் வந்தான்

நாம் எல்லோரும் படித்த அந்த நாவலின் கதாநாயகி நடந்த வழியெல்லாம் இன்று திண்டுக்கல்லில் நடந்தேன். கோட்டை அடிவாரம், பூட்டுக்கடைத் தெரு, கடைசியாக ரயில் ஜங்ஷன்.

கையில் என் மனைவி மரகதம் தைத்த புத்தகம். வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடரைக் கிழித்துச் சேர்த்து, அவளே ஊசி நூலால் தைத்தது.

கதாநாயகி காதலனுக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டிக்கு நின்ற ஒரு அம்மா புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"அந்தக் கதைதானேண்ணே? கடைசி வரைக்கும் அவன் வரவே இல்லையே. அம்புட்டு அழுதேன்."

"வந்தான்மா. கடைசி வண்டியில வந்தான்."

"நானும் படிச்சேண்ணே. வரலை."

முடிவு அச்சாவதற்கு முந்தின வாரம் மரகதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "அவன் வருவானாங்க? அது தெரியாமலே போயிருவேன் போல" என்றாள்.

"பத்திரிகை வந்திருச்சு. அவன் கடைசி வண்டியில வந்துட்டான்" என்றேன்.

சிரித்தாள். அன்றைக்கே போய்விட்டாள்.

அடுத்த வாரம் வந்த அத்தியாயத்தை நான் தைக்கவில்லை.

அந்த அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் வண்டி ஏறிப் போய்விட்டார்.

தொடரைப் படித்த நண்பர்களே, முடிவு உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து யாரும் என்னைத் திருத்த வராதீர்கள்.