எங்கம்மா மடி

எனக்கு முப்பத்து மூன்று வயதில்தான் மகள் வந்தாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த நாங்கள், அறுபதுகளின் நடுவில் மதராசிலிருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவளை முறைப்படி தத்தெடுத்துத் திருவாலங்காட்டுக்கு ரயிலில் அழைத்து வந்தோம்.

இல்லத்தில் பார்த்துக்கொண்ட பெண்களை ஆயா என்று கூப்பிட்டுப் பழகியவள், என்னையும் அப்படியே கூப்பிட்டாள். தெருவில் சிரித்தார்கள். அம்மா என்று சொல்லச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மனசு கொஞ்சம் சுருங்கும்.

ஆறு மாதம் கழித்துக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது வழக்கம். ஆர்.கே.பேட்டையில் இருந்த என் அண்ணனை வெற்றிலை பாக்கோடு போய் அழைத்தேன்.

“சொந்தத்துல ஒண்ண எடுத்து வளத்திருந்தா நானே ஓடி வந்திருப்பேன். இது யாரு பெத்ததோ இன்னாவோ. நான் வர்ல” என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். “வேற யாரையாச்சும் மாமன் முறைக்குக் கேக்கலாமா?” என்றார் வீட்டுக்காரர்.

“வேணாம். பொண்ணு நம்ம பொண்ணு. நானே உக்கார்றேன்.”

அன்று கோயில் மண்டபத்தில் உறவுக்காரர்கள் முப்பது பேராவது இருந்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, “மாமன் எங்க, காணோம்?” என்று கேட்டார்.

“வர்ல. நீங்க குத்துங்க” என்று குழந்தையோடு பலகையில் உட்கார்ந்தேன்.

ஒரு காதைப் பொறுத்துக்கொண்டவள், இரண்டாவதற்குத் திமிறினாள். ஆசாரி பேச்சுக் கொடுத்தார். “யாரு மடில உக்காந்துகினு அழுவுற, சொல்லு பாக்கலாம்?”

“எங்கம்மா மடில” என்றாள் விசும்பிக்கொண்டே.

அதற்குள் குத்தி முடித்துவிட்டார். நான் தலைநிமிர்ந்து, நின்றிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். அவர்களுக்கும் கேட்டிருந்தது.

ஒரு மாதம் போனபின் அண்ணன் பட்டுப்பாவாடையோடு வாசலில் வந்து நின்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த மகள் கேட்டாள்: “நீங்கதான் அன்னிக்கு வராத மாமாவா?”

அண்ணன் சொம்பை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “ஆமாம்மா. நான்தான்.”

“இனிமே வருவீங்களா?”

“வருவேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் பெரியவளானபோது முதல் சீர் அவருடையது. எழுபதுகளின் கடைசியில், எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண்ணாக அவள் வந்தபோது, எங்களை ஆர்.கே.பேட்டைக்கு வரவழைத்துக் கடைவீதி முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். “என் தங்கச்சி பொண்ணு. பாஸ் பண்ணிக்கீறா” என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பேச்சு, நடை எல்லாம் அப்படியே அம்மாதான்” என்றார்.

“பின்ன?” என்றார் அண்ணன்.