கன்னத்தில் ஒதுக்கிய ஏலக்காய்

எங்கள் போடியில் பங்குனி மாதம் இசை விழா நடக்கும். பாட வருகிறவர்களுக்குப் பூமாலை கிடையாது, ஏலக்காய் மாலைதான். பச்சை மாறாத பெரிய காயாகப் பொறுக்கி, ஈரத்துணியில் கொஞ்ச நேரம் மூடி வைத்து, தோல் கிழியாமல் ஊசி ஏற்றிக் கோக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் வருடா வருடம் அந்த வேலைக்கு நானாகவே போய் நின்றேன். ஏலக்காய்க் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், "கூலி இல்லாத சோலிக்கு என்னா ஓட்டம் ஓடுறா பாரு" என்பார். தெருக்காரர்கள் கலை ஆர்வம் என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கலை ஆர்வமாவது ஒன்றாவது. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட விழா என்றால் கடவுள் வாழ்த்து நான்தான். மேடைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால், பாட வேண்டியவள் என்றைக்காவது வராமல் போக மாட்டாளா, என்னைக் கூப்பிட மாட்டார்களா என்ற நப்பாசைதான்.

ஒரு வருடம் கூப்பிட்டார்கள். குரங்கணியிலிருந்து கடவுள் வாழ்த்துப் பாட வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்ததுமே, தொண்டை தெளியட்டும் என்று மிச்சக் காயில் இரண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். காய் பொறுக்கும் இடத்தில் ஒரு காய் வாய்க்குள் போனால் வேலையே போய்விடும் ஊர் இது. அதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. விழாத் தலைவர் எங்கள் கடைத்தெரு வியாபாரி. மைக்கில், "மால கோத்த மதினி கொஞ்சம் மேடைக்கு வாங்க" என்றார். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி, நேராக மைக் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"என்னா மதினி, உக்காந்துட்டீக? மாலத் தட்டு எங்க?" என்று குனிந்தவருக்கு வாசம் அடித்துவிட்டது. "வாயில என்னா, காயா? கோக்கச் சொன்னா தின்னுக்கிட்டு வந்துருக்கீகளே!"

எல்லாம் மைக்கில் கேட்டது. மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் பெரிதாகச் சிரிப்பார்களே என்று பயம். காய் தின்ற கள்ளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று, "தெரியாமப் போட்டுட்டேங்க" என்றேன். தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இறங்கினேன். கடவுள் வாழ்த்துக்கு இசைத்தட்டைப் போட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர், "நம்ம கடையில இல்லாத காயா? ரெண்டு காய்க்கு என் மானத்த வாங்கிட்டியே" என்றார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றிருந்தவள், மறு வருடம் மாலை கோக்க ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். மற்றவர்களுக்கு அள்ளிப் போட்டார்கள். எனக்கு மட்டும் காயைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் மடியில் வாங்கிக்கொண்டேன். கிளம்பும் முன் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கடவுள் வாழ்த்தை ஒரு தடவை பாடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.