ரங்கூன்காரன் கொலை செய்த படம்

கொல்லிமலையில் குடியிருப்பவன் சினிமா பார்க்க வேண்டுமானால் மலையையே இறங்க வேண்டும். ரங்கூனில் டிராம் ஏறிப் போய், நாற்காலியில் சாய்ந்து படம் பார்த்தவன் நான். இங்கே பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு சுமப்பவர்களோடு இறங்கி, காளப்பநாயக்கன்பட்டிக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்காருகிறேன். பக்கத்திலிருப்பவர் திரையிலிருப்பவரிடம் பேசுவார். அங்கே பதில் வராவிட்டால் நம்மிடம் பேசுவார்.

யுத்தத்தில் குண்டு விழுந்து, பர்மாவிலிருந்து நடந்தே வந்த எனக்கு மலைமேல் குண்டூர் நாட்டில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தவர் சடையன் என்ற விவசாயி. நான் இன்னார் என்ற என் வாய்ச்சொல் ஒன்றை நம்பித்தான் கொடுத்தார். அவரைப் போன சந்தையன்று நான்தான் வம்படியாகப் படத்துக்கு இழுத்துப் போனேன். என் அபிமான டைரக்டரின் புதிய மர்மப் படம், விடுவேனா?

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ஒரு விளக்கையும் ஒரு கதவையும் வைத்தே கொட்டகையைக் கட்டிப்போட்டுவிட்டார். ரங்கூனிலிருந்து திரும்பிய மகன் என்று ஒருவன் பணக்கார வீட்டுக்குள் வருகிறான். வீட்டில் ஒரு கொலை விழுகிறது. அங்கே வந்துபோகும் மூலிகை வைத்தியன்மேல்தான் எனக்குச் சந்தேகம். “இவன்தான் பாருங்க,” என்று சடையன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் கொலைகாரன் ரங்கூன்காரன்! அகதிகள் நடந்த பாதையிலே நிஜ மகனைக் கொன்றுவிட்டு அவன் பேரில் வந்தவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் செத்துப் பிழைத்த வழி இவருக்குக் கதைக்குத்தான் ஆயிற்றா? முடிச்சு பிரமாதம் என்று கை தட்டத் துடிக்கிறது, வாயோ சபிக்கிறது. திரும்பினேன். சடையன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தைச் சாவடியில் படுத்து, விடிந்ததும் மலையேறினோம். மலைப்பாதையில் வீட்டுக்காரர் முன்னே நடப்பார், வந்தவன் பின்னே. புதரை விலக்கி, பாம்பு பூச்சி பார்ப்பது அவர் கடமை. அன்று சடையன் ஒதுங்கி நின்றார்.

“நீங்க முன்னால நடங்க.”

“ஏன்?”

“சும்மாதானுங்க.”

ரங்கூனில் விருந்தாளியை முன்னே விடுவதுதான் மரியாதை. அதை என்னிடமிருந்து கற்றுக்கொண்டாராக்கும் என்று அசடாக மகிழ்ந்துபோனேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால், இடுப்பிலிருந்த கொடுவாள் அவர் கையில் இருக்கிறது.

“ஏனுங்க, ரங்கூன்ல உங்களைப் பார்த்தவங்க இந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா?”

ரங்கூன் நண்பர்களே, உங்களில் ஒருவராவது அப்போது எதிரே வந்திருக்கக் கூடாதா! என்னோடு புறப்பட்டவர்களில் பாதிப் பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள், மீதிப் பேர் எந்தச் சீமையிலோ. இந்த வீடும் போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது. பதறித் தேடியதில் ஒரே ஒரு முகம்தான் அகப்பட்டது. டைரக்டர் ரங்கூனுக்கு வந்தபோது மாலை போட்டவன் நான். தோளைத் தட்டிப் பேரைக்கூடக் கேட்டார்.

“ஒருத்தர் இருக்கார். நேத்துப் படத்தை எடுத்தவர். அவருக்கு என்னைத் தெரியும்.”

“அட சாமி!” சடையன் நின்றுவிட்டார். “உங்களைத் தெரிஞ்சவருதான் இப்படி எடுத்திருக்காருங்களா?”

கொடுவாளும் கையுமாக அவர் பின்னே வர, நான் முன்னே ஏறினேன். மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. இத்தனை காலம் அவர் முதுகைப் பார்த்தே நடந்தவனுக்கு எது வீட்டு வழியென்று தெரியவில்லை. கேட்டால், குடியிருப்பவனுக்கு வழி தெரியாதா என்று அதற்கும் சந்தேகப்படுவார். நின்றுவிட்டேன்.